இருக்கும் இடம்: மீஞ்சூர், அடுப்படி மேடை

கையகல அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. மேல் மூலையில் '9/2, செவ்வாய்' என்று தேதி. ஆண்டு இல்லை, அதைப் பிறகு நான் பென்சிலில் குறித்துக்கொண்டேன். நடுவில் நீல மையில் இவ்வளவுதான்:

"அண்ணே, நீங்கள் எழுதிக் கொடுத்த பக்கத்தில் 'சுமார்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றையும் சிவப்பாக்கிவிட்டேன். தெரிந்ததும் சொல்லவும். தெரியாவிட்டால் சிவப்பாகவே கிடக்கட்டும். – ஸ்டோர்ஸ்."

மூன்றையும் ஒழிக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. வடசென்னையில் எது எந்த நாளில் நடந்தது என்று தேதி சேகரிப்பதிலேயே வயதைக் கழித்தவன் நான். என் எழுத்தைச் சிவப்பாக்கிய முதல் ஆள் அவர்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. அவர் கணினியில் செய்து வைத்திருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் ஒன்றில்கூட அது கிடையாது. (நானூற்றுச் சொச்சம் என்று எழுதியிருந்தால் அதற்கும் சிவப்புதான்.) ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பார்த்தது: ஸ்டோர்ஸ்' என்று இருக்கும். திருவொற்றியூரில் இப்போது பூட்டிக் கிடக்கும் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் அவர் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் ஸ்டோர்ஸ் அக்கா. எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்.

சாமான் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகத்தான் கையுறை, சாணைக்கல், துணி முகமூடி எல்லாம் வெளியே போகும். வாங்குகிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் ஃபோர்மன் வந்து, பத்து ஆளுக்கும் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"போட்டவன் கைதான் வாங்கணும். பத்து கைய அனுப்பு."

"இன்னாம்மா, கம்பெனி உங்கப்பன் வூடா?"

"எங்கப்பன் வூடா இருந்தா கையெயுத்து இல்லாமலே குடுத்துருப்பேன் நைனா. கம்பெனின்றதாலதான் கேக்குறேன்."

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் நான்கு பேர். நால்வரும் பதிலை ஒரே மாதிரி சொன்னார்கள். நாள் மட்டும் ஆளுக்கொன்று.

அந்த அறையில் ஒவ்வொரு தட்டிலும் ஓர் அட்டை தொங்கும். பின் கார்டு என்பார்கள். இந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது, எடுத்தது எங்கே போனது என்று அதில் எழுதியிருக்கும். சாமான் நகரும், அட்டை நகராது. தட்டு காலியாகிவிட்டால்கூட அட்டையைக் கழற்ற மாட்டார். "காலின்றதும் ஒரு சேதிதான?"

தொழிற்சாலை மூடியபோது சாவியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள். மற்றவர்கள் ஸ்பேனர், நாற்காலி, கடிகாரம் என்று ஏதாவது எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் ஒரு துண்டுக் காகிதம்கூட எடுக்கவில்லை. பின்னால் அதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஆனால் நியாயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "எடுத்திருந்தா இன்னிக்கி வேல சுளுவு. ஆனா திருட்டுக் காகிதம்னு ஒரே வார்த்தையில அடிச்சுட்டுப் பூடுவான்."

வேலை வந்தது இப்படி. வார்ப்பில் ஒட்டிய மணலைச் சாணையில் உரசி எடுக்கும் பிரிவுக்கு ஃபெட்லிங் என்று பெயர். தூசியில் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த முப்பத்தொரு பேருக்கு நெஞ்சில் அந்தத் தூசி தங்கிவிட்டது. தொழிலால் வந்த நோய் என்று ஏற்கச் சொல்லித் தொழிலாளர் துறையில் மனுப் போட்டார்கள். கம்பெனி இப்படிப் பதில் அனுப்பியது: ஒப்பந்த ஆட்கள் எவரும் அந்தப் பிரிவுக்குள் வந்ததே இல்லை. அக்கா அதைப் படித்துவிட்டு முகமூடிப் பதிவேட்டைக் கேட்டு ஒரு கடிதம் போடச் சொன்னார். உள்ளே போகாதவனுக்கு முகமூடி எதற்கு? தினமும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்களே. அப்படி ஒரு பதிவேடே இல்லை என்று பதில் வந்தது.

அந்த வாரம்தான் தேரடிப் பக்கம் இருந்த ஜெராக்ஸ் கடைக் கணினியில் அவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார். ஒரு நீல எழுத்தைத் தொட்டிருக்கிறார். வேறொரு பக்கம் திறந்தது. அதில் இன்னொரு நீல எழுத்து. கடை பாயைக் கூப்பிட்டார். "பாய், இது இன்னா?" லிங்க் என்றார் பாய். "அட, நம்ம பின் கார்டு! இத்த நான் பண்ண முடியுமா?"

பண்ணினார். பாய் ஒரு பழைய கணினியைக் கொடுத்து, பக்கம் எழுதும் விதத்தை இரண்டு மாலைகளில் சொல்லித் தந்தார். மீதியைத் தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். ஆளுக்கு ஒரு பக்கம், பொருளுக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு பக்கம். நாள் பக்கங்களைச் சரிபார்க்க என்னைப் பிடித்தார். அப்படித்தான் அந்த அட்டை எனக்கு வந்தது. அவர் விதிகள் இரண்டு. ஒரு பக்கம் இன்னொன்றைக் காட்டினால், அதுவும் திரும்பி இதைக் காட்ட வேண்டும். "நான் உன்ன தெரியும்ன்றேன், நீ என்ன தெரியும்னு சொல்லலேன்னா அது இன்னா தோஸ்து?" இது ஒன்று. இல்லாததற்கும் பக்கம் உண்டு, அதற்கு நிறம் சிவப்பு என்பது மற்றது. முதல் பக்கத்தின் முதல் வரியே சிவப்பு:

'முகமூடி வழங்கல் பதிவேடு. இருக்கும் இடம்: ரேக் எட்டு, கீழ்த்தட்டு.'

"அது இல்லேன்னு கம்பெனி எழுதியிருக்கே?" என்று நான் கேட்டேன்.

"இல்லேன்னு அவன் சொல்றான். இருந்த எடம் எனக்குத் தெரியும். அவன் எடுத்துனு வர்ற வரிக்கும் இங்க செவப்பா நிக்கட்டும். வர்றவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்."

முப்பத்தொரு வீடுகளுக்கும் போனார். எண்ணூர், காசிமேடு, வியாசர்பாடி, ராயபுரம். யாரிடமும் மூலக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வரவில்லை. படம் எடுப்பார், எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், எந்தச் சாமி படத்துக்குப் பின்னால் என்று எழுதிக்கொள்வார், திருப்பிக் கொடுத்துவிடுவார். எல்லாவற்றையும் சங்க அலுவலகத்தில் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டலாம் என்றார் சங்கச் செயலாளர் கஜா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு பூட்ட ஒடைக்கிறது சுளுவு. முப்பத்தியோரு வூட்ட ஒடைக்கச் சொல்லு பாப்போம்."

நுழைவுச் சீட்டுகள் கிடைத்தன. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்துச் சுற்றி நின்று எடுத்த படங்கள் கிடைத்தன. 'ஃபெட்லிங் நண்பர்கள்' என்று அடியில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகள் கிடைத்தன. முனுசாமி வீட்டில் மட்டும் ஒன்றும் இல்லை.

முனுசாமி அதற்குள் இறந்துவிட்டிருந்தார். எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டி வீடு. ஒரு மழையில் தண்ணீர் உள்ளே வந்து காகிதமெல்லாம் எண்ணெயும் சேறுமாகிவிட்டது. கம்பெனி தன் பதிலில் அவரைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதியிருந்தது: பீடிப் பழக்கத்தால் இறந்தவர். அவர் மனைவி செல்விக்கு அந்த வரிதான் தொண்டையில் முள்.

"பீடிய கையால தொட்டது இல்லக்கா அந்த மனுசன். கிட்ட யாராச்சும் புடிச்சாலே எந்திரிச்சுப் பூடும். வேற ஒண்ணும் வேணாம். உள்ள வேல செஞ்சாரு, அந்தத் தூசிலதான் செத்தாருன்னு எயுதிக் குடுத்தா போதும்."

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுப்படியில் ஓர் எவர்சில்வர் குடம். கழுத்துக்குக் கீழே ஊசியால் வெட்டிய எழுத்து. நம் ஊரில் பெயர் வெட்டாமல் பாத்திரம் கொடுப்பவர் யார்? வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார்: 'நம்ம முனுசாமி மகள் காதணி விழா. அன்பளிப்பு: ஃபெட்லிங் பி ஷிஃப்ட் தோஸ்துங்க.' கீழே ஐந்து பெயர்கள். அதற்கும் கீழே தேதி.

ஐந்து பேரில் மூவர் அந்த முப்பத்தொரு பேரில் இருந்தார்கள். குடத்துக்கு ஒரு பக்கம் வந்தது. இருக்கும் இடம்: எண்ணூர், செல்வி வீடு, அடுப்படி.

விசாரணையின் முதல் அமர்வில், நுழைவுச் சீட்டு வைத்திருந்த பத்தொன்பது பேரைக் கம்பெனி வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது. குடத்தில் பெயர் இருந்த மூவரும் அதில் அடக்கம். இரண்டாவது அமர்வுக்கு நானும் போனேன். விசாரணை அதிகாரியின் மேசையில் பாயின் மடிக்கணினி. தாழ்வாரத்தில் ஆட்கள் அவரவர் மூலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒரு நீல எழுத்தைத் தொடுவார்; அக்கா கதவைப் பார்த்துப் பெயரைச் சொல்வார்; ஆள் உள்ளே வந்து காகிதத்தைக் காட்டிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டு போவார். நான்காவது ஆள் வந்ததும் அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா, தொட்டா ஆள் வருது?"

"காகிதம்னா அதுக்கு ஒரு ஆள் இருக்கணும்ல சார்."

அப்புறம் குடத்தைத் தொட்டார்.

"செல்வி, கொடம்" என்றார் அக்கா. செல்வி வந்தார். கை வெறுமையாக இருந்தது.

"கொடம் இல்லக்கா. தங்கச்சி பொண்ணு கல்யாணத்துல சீரா வச்சுட்டேன். நீதான் சொன்ன... இனிமே அது பத்திரமா கம்ப்யூட்டர்ல கீதுன்னு. அப்ப கொடம் இன்னாத்துக்குன்னு..."

கம்பெனி வக்கீல் எழுந்தார். படம் இருக்கிறது, பொருள் இல்லை, மொத்தச் சேகரிப்பும் இந்த லட்சணம்தான் என்றார். அதிகாரி அடுத்த அமர்வு வரை அவகாசம் கொடுத்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது கஜா அக்காவின் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, முப்பது பேரு கேஸு கையில நிக்குது. அந்த ஒரு பேர எடுத்துடலாம். செத்தவருக்கு இன்னா ஆவப்போவுது? உயிரோட கீறவங்கள பாப்போம்."

இரண்டு படிக்கு மேலே செல்வி நின்றிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அக்கா நின்றுவிட்டார்.

"எடு. எடுத்துட்டு, கொடம் குடுத்த அந்த மூணு பேரு பக்கத்துலயும் முனுசாமின்னு நீலமா கீது, அத்தயும் எடு. பூஜ போட்டோல ரெண்டாவது வரிசைல பாதி மூஞ்சிதான் தெரியுது, அந்தப் பாதியயும் கீறி எடு. எம்மாந்தூரம் எடுத்துனு போவ? கம்பெனி பண்ணத நம்ம கையாலயே பண்ணணுமா கஜா?"

அன்றைக்கே குடத்தின் பக்கம் மாறியது. எண்ணூர் வீடு என்ற வரியை அவர் அழிக்கவில்லை; சிவப்பாக்கினார். கீழே ஒரு வரி சேர்த்தார்: 'பொருளைக் கணினியில் பத்திரப்படுத்தியதாகச் சொன்னது தவறு. தவறு செய்தது: ஸ்டோர்ஸ்.' தன்னைப் பற்றி அவர் எழுதிய ஒரே வரி அதுதான்.

செல்வியின் தங்கை மகளை மீஞ்சூரில் கொடுத்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலில் நானும் அக்காவும் போனோம். அந்தப் பெண் வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்தார்.

"சீரா வந்தத திருப்பிக் கேட்டுகினு வந்துகீறியா? எந்தூரு நாயம் இது? நாள பின்ன எங்க வூட்ட பத்தி ஊருல இன்னா பேசுவாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சீரைத் திருப்பிக் கேட்டால் பெண்ணையே திருப்பிக் கேட்ட மாதிரி. நான் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"யாரு கேட்டது? கொடம் உங்க வூட்டுது. உங்க வூட்டுலதான் இருக்கணும். ஒரு நாளு நீங்களே எடுத்துனு வாங்க, ஆபீசருக்கு நீங்களே காட்டுங்க, வூட்டுக்கு நீங்களே எடுத்துனு போங்க. நான் கையால தொட மாட்டேன்."

"நான் எதுக்கு ஆபீசுக்கு வரணும்?"

"அந்தக் கொடத்துல பேரு வெட்டியிருக்கே, அந்த முனுசாமி, பீடி குடிச்சு செத்தாருன்னு எயுதிட்டாங்கம்மா. பொய்யி."

அந்த அம்மா உள்ளே போனார். வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. குடத்தோடு வந்தார். பழைய எழுத்துக்குக் கீழே மருமகள் பெயரில் 'கீதா சீர்' என்று புதிதாக வெட்டியிருந்தது. பழையதை அவர்கள் அழிக்கவில்லை. ஆனால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் தேதி மங்கியிருந்தது. ஆண்டும் மாதமும் தெளிவு; நாள் மட்டும் மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை. அக்கா எடுத்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று விழுந்திருந்தது.

மூன்றாவது அமர்வு. அதிகாரி குடத்தைத் தொட்டார். இப்போது அதன் பக்கத்தில் 'இருக்கும் இடம்: மீஞ்சூர், அடுப்படி மேடை' என்று இருந்தது. அக்கா கதவைப் பார்த்து, "மீஞ்சூர் அம்மா" என்றார்.

அந்த அம்மா பட்டுப்புடவையில் வந்தார். இடுப்பில் குடம். நடையில் தளும்பித் தரையில் சொட்டியது.

"அதில என்னம்மா?" என்றார் அதிகாரி.

"தண்ணி. வெறுங்கொடத்தோட வாசப்படி தாண்டுறது இல்ல எங்க வூட்டுல."

"மீஞ்சூர்ல இருந்தா?"

"ஆமா. ரயில்ல குந்திகினு மடில வச்சுகினு வந்தேன்."

வக்கீல் சலித்துக்கொண்டார். "சார், பாத்திரமெல்லாம் ஆவணமா?"

"எயுத்து கீதுல்ல?" என்றார் அக்கா. "பேரு கீதுல்ல? குடுத்தவன், வாங்குனவன் கீதுல்ல? உங்க ரிஜிஸ்டர்ல இதெல்லாம் இருந்துச்சு சார். அத்த எடுத்துனு வாங்க, கொடத்த வூட்டுக்கு அனுப்பிடுறேன்."

அதிகாரி குனிந்து படித்தார். வக்கீலும் பார்த்தார், பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "தேதி என்ன? மூணா, எட்டா? எந்த நாள்னே தெரியாத பொருளை வச்சு எதை நிரூபிக்கப் போறீங்க?"

எனக்குப் பின்னாலிருந்த கஜா மெதுவாக, "மூணுன்னு சொல்லுக்கா" என்றார். செல்வி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகளின் காதணி விழா அது. நாள் அவருக்கும் நினைவில்லை. கூழ் ஊற்றி முடிந்து சில நாள் கழித்து என்பது மட்டும்தான் நினைவு. அக்கா எந்த எண்ணைச் சொன்னாலும் மறுக்க அங்கே ஆள் இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும். நான் முன்னதாகவே பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்திருந்தேன். இரண்டு நாளும் காது குத்த ஏற்ற நாள்தான்.

"தெரியல சார்" என்றார் அக்கா. "பக்கத்துலயும் அப்படித்தான் செவப்பா போட்டுகீறேன். தெரியாதத தெரியாதுன்னு எயுதுனாத்தான், தெரிஞ்சது நிக்கும்."

அதிகாரி கணினியில் அந்த வரியைப் பார்த்தார். பிறகு குடத்தில் இருந்த ஐந்து பெயர்களில் ஒன்றைத் தொட்டார். அது ஒரு நுழைவுச் சீட்டுக்குப் போனது. அதிலிருந்து கம்பெனியே கையெழுத்திட்ட ஒப்புதலுக்கு. அங்கிருந்து நீல எழுத்து வழியே திரும்பக் குடத்துக்கே வந்து சேர்ந்தார். வக்கீலைப் பார்த்து, "இந்த மூணு பேரும் உள்ளே வேலை செஞ்சாங்கன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அவங்க 'நம்ம முனுசாமி'ன்னு யாரைச் சொல்றாங்க?" என்றார்.

அந்த மூவரும் ஏற்கெனவே கதவருகே வந்து நின்றிருந்தார்கள். இந்த முறை அக்கா யாரையும் கூப்பிடவில்லை. ஒருவருக்கு இருமல் வந்து நிற்கவேயில்லை. மீஞ்சூர் அம்மா போய், குடத்தைச் சாய்த்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினார்.

ஆணை வந்தபோது முப்பத்தொன்றாவது பெயர் முனுசாமி. பீடி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. செல்வி அதைப் பாய் கடையில் நகல் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். அக்கா அதைப் படம் எடுத்துக்கொண்டு, இருக்கும் இடம் எழுதிக்கொண்டார்: எண்ணூர், செல்வி வீடு, முனுசாமி படத்துக்குப் பக்கத்தில்.

அக்கா பிறகு தம்பி வீட்டோடு போய்விட்டார். போகும்போது எல்லாப் பக்கங்களையும் பென் டிரைவ்களில் ஏற்றி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். திருத்தும் வேலையை என்னிடம் விட்டார். ஜன்னலுக்குப் பின்னால் அத்தனை வருடம் அதே தூசியில் நின்றவர் அவரும்தான். அவருக்கும் இருமல் இருந்தது. உங்களுக்கு ஏன் ஒரு பக்கம் இல்லை என்று ஒருமுறை கேட்டேன். "என்ன பாத்தது யாரு? நானே எயுதிக்கினா அது காகிதமா?" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றும் சமாதானமாக இல்லை.

கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது. குடத்தில் உள்ள ஆண்டை நான் இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம். மனுவின் முக்கியமான வாதமே அந்தச் சிவப்பு எண்தான்: நாள் தெரியாத ஆவணம் செல்லாது. போன வாரம் கஜா வீட்டுக்கு வந்தார். "அண்ணே, இப்ப அக்காவும் இங்க இல்ல. ஒரே ஒரு எழுத்து. மூணுன்னு போட்டு நீலமாக்கிடுங்க. யாருக்குத் தெரியும்?"

நான் மீஞ்சூருக்குப் போய்க் குடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பெயர் வெட்டிய கடையைத் தேடினேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கஜாவுக்கு நான் கொடுத்த பதிலையே மேல்முறையீட்டில் எங்கள் பதிலாகவும் தரச் சொல்லியிருக்கிறேன்: முகமூடிப் பதிவேடு ரேக் எட்டு, கீழ்த்தட்டில் இருந்தது. கம்பெனி அதைக் கொண்டுவரட்டும். குடத்தில் உள்ள நாள் மூன்றா எட்டா என்பது இன்றைய தேதி வரை சரிபார்க்கப்படவில்லை.